மிகைநேரம்

தேவிபட்டினம் மெரைன் ஸ்டேஷனில்
இரவுப் பாரா எனக்கு.
பன்னிரண்டரைக்கு ரெமிஜியுஸ் கூப்பிடுவான்.
அவனுக்கு அப்போது பகல் மூன்று.
தங்கச்சிமடம் பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சு,
இப்போது நியூயார்க்கில் போலீஸ்.
தரைக்கு அடியில் ஒரு ரயில் நிலையத்தில்
தூணோரம் நின்றபடி பேசுவான்.

ஊர்க்கதை கிடையாது.
சம்பளம் பேசுவோம்.

"எட்டு மணி தாண்டினா
ஒண்ணுக்கு ஒண்ணரை, நம்பு."
"எந்த எட்டு?
காலையிலயா, ராத்திரியா?"

சிரித்து முடிக்கட்டும் என்று
என் சீட்டை விரித்து வாசித்தேன்.
அடிப்படை. அகவிலை. உணவுப்படி.
பிறகு பிடித்தம்:
பங்களிப்பு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு,
தம்பி வலைக்காக எடுத்த சொசைட்டிக் கடன்,
செத்துப்போன காவலர் குடும்பத்துக்கு
எல்லோரிடமும் கழிக்கிற தொகை.
போன மாதம் அதில் ஐந்து பேர்.
ஒருத்தி என் பேட்ச்.

"வாரஓய்வுல வேலை பார்த்தா இருநூறு" என்றேன்.
டாலரா என்று கேட்கவில்லை,
நல்லவன்.

அவன் சீட்டிலும் கழிவது நிறைய.
ஒன்றரை மடங்கை வேண்டாமென்று சொல்ல முடியாதாம்;
நில் என்றால் நிற்கவேண்டும்.
மகள் புதுநன்மை வாங்கிய ஞாயிறு
யாருடைய ஊர்வலத்துக்கோ கம்பி பிடித்து நின்றிருக்கிறான்.
அந்த ஒன்றரையில்தான் வாடகை,
அந்த வீட்டில்தான் அவன் இருப்பதில்லை.
"இன்னும் பதினாலு வருஷம். அப்புறம் பென்ஷன்."
பென்ஷன்.
என் பேட்ச் அந்தச் சொல்லை
மற்றவர் வாயில்தான் கேட்டிருக்கிறது.

"குதிகால் எப்படி இருக்கு?"
"அப்படியேதான். உனக்கு?"
"இடது பரவால்ல."

"விடிஞ்சா எங்க?"
"பரமக்குடி பந்தோபஸ்து. செப்டம்பர் பதினொண்ணுல்ல."
அவன் பக்கம் ஒரு ரயில் வந்து
முழுதாகப் போனது.
"எனக்கு இன்னும் பத்துதான்" என்றான்.
"நாளைக்கு எனக்கும் அதேதான்."

போனைப் பிடித்தபடி இரண்டு பேரும்
கொஞ்சநேரம் சும்மா இருந்தோம்.
அவனுடைய இறந்தவர்கள் வேறு, என்னுடையவர்கள் வேறு,
நிற்பது மட்டும் ஒரே மாதிரி.

"அங்க கக்கூஸ் வசதி?"
"கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டா உண்டு.
இல்லாட்டி தண்ணி குடிக்க மாட்டேன்.
அக்டோபர் முப்பதுக்கும் குடிக்க மாட்டேன்."

பெஞ்சில் உட்காரவைத்திருந்த ஆள்
இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.
மோர்ப்பண்ணை துரைபாலன்.
அவித்துக் காயவைத்த கடலட்டை, இரண்டு மூட்டை.
ஸ்டேஷன் முழுக்க அந்த வாடை.
ஒரு மூட்டை என் ஒரு வருஷம்,
எஸ்.ஐ. போட்ட கணக்கு.

சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டினார்.
"நம்புசெல்வி... என்ன சம்பளம்மா வரும்?"
சொன்னேன், பிடித்தம் போக.
யோசித்தார்.
"முங்குறவனுக்கு அதவிடக் கூட" என்றார்,
பெருமைக்கு இல்லை, வருத்தம் போல.
"எங்களுக்கு மணிக்கணக்கு கிடையாது.
மூச்சுக்கணக்கு."
மூட்டை அவருடையதில்லை என்று
அவர் சொல்லவில்லை, நான் எழுதவில்லை.

டீசல் வராத ரோந்துப் படகு
ஜெட்டியில் இடித்துக்கொண்டே கிடந்தது.
அதற்கும் இரவு ட்யூட்டி.

நாலு மணிக்கு டீக்காரன் சைக்கிள்.
"ரெண்டு போடு, என் கணக்குல.
பிள்ளைக்கும் ஒண்ணு" என்றார் துரைபாலன்.
வேண்டாம் என்றேன்.
"டீயில என்னம்மா லஞ்சம்?"

பதில் சொல்லவில்லை.
அந்தக் கல்யாண மண்டபத்தின் சாவி
யாரிடம் இருக்கும் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
வேன் ஹாரன் அடித்தது.